இரண்டாம் தொட்டியின் அங்க அடையாளங்கள்

கல்மதகு ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் இரண்டு மணல் தொட்டிகளில் இரண்டாவதற்கு, ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மனிதத் தோல் வந்திருந்ததை முதலில் பார்த்தவள் சுடலைவடிவு. பார்த்தவள் கூச்சல் போடவில்லை, மயங்கி விழவில்லை. சுரண்டுவதற்காகக் கொண்டுவந்த தட்டை மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காலில் போட்டிருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள்.

மணல் தொட்டி என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஊருக்கு மேற்கே மேட்டில், நாற்பது தப்படி நீளத்துக்கும் இருபது தப்படி அகலத்துக்கும் ஒரு கல்தொட்டி. அடியில் ஜல்லி, ஜல்லிக்கு மேல் இடுப்பளவு மணல், மணலுக்கு மேல் கால்வாயிலிருந்து வந்து நிற்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் யார் சொல்லியும் அவசரப்படாமல், மணிக்கு ஒரு சாண் வீதம் மணலுக்குள் இறங்கி, அடிக்குழாய் வழியாக வெளியே வந்து, சரிவில் ஓடி ஊருக்குப் போகும். மணல் சும்மா கிடக்கும். வேலை செய்வதெல்லாம் மணலின் மேல் படிகிற ஏடுதான். ஆறிய பாலில் படிகிற மாதிரி, பழுப்பும் பச்சையுமாக மூன்று நாளில் படியும் அந்த ஏட்டில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள், ஊருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொண்டுவரக்கூடியதை எல்லாம் தின்று தீர்த்துவிடும். ஏடு தடித்துப்போனால் தண்ணீர் இறங்காது என்பதால், ஐம்பது நாளைக்கு ஒரு தடவை தொட்டியை வற்றவிட்டு, ஏட்டை ஒரு விரற்கடை மணலோடு சேர்த்துச் சுரண்டி எடுத்து, மறுபடி நிரப்பி, புது ஏடு படிகிற வரைக்கும் மூன்று நாள் தண்ணீரை ஓடையில் விட்டுவிட்டு, நாலாம் நாள் ஊருக்குத் திறப்பார்கள். சுரண்டுவது வடிவு, வால்வு திருகுவது பட்டுராசன். இரண்டு பேரும் பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறார்கள்.

அன்றைக்குத் தொட்டி வற்றியபோது ஏடு இருக்கவேண்டிய இடத்தில் தோல் இருந்தது. ஒரு பக்கம் மாநிறம், ஒரு பக்கம் நல்ல கறுப்பு, வடக்கு ஓரத்தில் கொஞ்சம் கோதுமை நிறம். வெயில் பட்டதும் லேசாக வேர்த்தது. அங்கங்கே மச்சம், அங்கங்கே தழும்பு, அம்மை குத்திய வட்டம், அடுப்பில் சுட்டுக்கொண்ட வடு. பட்டுராசன் வந்து குனிந்து பார்த்தான். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினான்.

"ஏ வடிவு, இது நம்ம சங்கரபாண்டி அண்ணாச்சி முழங்கைத் தழும்புல்லா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன சங்கரபாண்டி, இளவட்டத்தில் சைக்கிளோடு மதகுக்குள் விழுந்து வாங்கிய தழும்பு, பூரான் மாதிரி பதினொரு தையல். வடிவு எண்ணிப் பார்த்தாள். பதினொன்று இருந்தது.

மத்தியானத்துக்குள் சங்கரபாண்டியின் பெண்டாட்டி வந்துவிட்டாள், சாயங்காலத்துக்குள் ஒரு தெரு வந்துவிட்டது, மறுநாள் ஊரே வந்துவிட்டது. இது எப்படி நடந்தது என்று கேட்டவர்கள் மொத்தம் மூன்று பேர்: ஒரு கல்லூரி வாத்தியார், உரக்கடைக்காரர், மின்சார மீட்டரைக் குறிக்க வந்த வெளியூர்க்காரர். அவர்களுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லாததால் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்று, அவரவர் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கன்னத்து மச்சம் கிடைத்தவர்கள் அழுதார்கள், கிடைக்காதவர்களும் அழுதார்கள். மீரான்பீவிக்குத் தன் மகனின் புறங்கையில் இருந்த இஸ்திரிப்பெட்டிச் சூடு கண்ணில் பட்டதும் அவள் போட்ட சத்தத்தில் கால்வாயில் நின்ற கொக்கெல்லாம் பறந்துபோயின. மகன் ஷார்ஜாவில் இருந்தான். போன் போட்டார்கள். "எம்மா, டூட்டியில இருக்கேன், அப்புறம் பேசுதேன்" என்று அவன் எரிச்சலோடு சொன்ன பிறகுதான், தொட்டி செத்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, ஊரில் இல்லாதவர்கள் எல்லாரையும் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது விளங்கியது. அந்த வாரம் திருப்பூருக்கும் மும்பைக்கும் கல்மதகிலிருந்து போன போன்களுக்குக் கணக்கில்லை.

தகராறு மூன்றாம் நாள் தொடங்கியது. வலது கன்னத்து மச்சம் என்பது ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும். ஒரே மச்சத்துக்கு இரண்டு குடும்பம் மல்லுக்கு நின்றது. அப்போதுதான் யாரோ டி.சி.யைக் கொண்டுவரச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது கொடுக்கிற அந்தச் சான்றிதழில், பெயர், பிறந்த தேதிக்குக் கீழே, அங்க அடையாளங்கள் இரண்டு எழுதியிருக்கும்: வலது முன்கையில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு. டிரங்குப் பெட்டிகள் திறந்தன, பீரோக்களின் மேல்தட்டுகள் கலைந்தன, பாச்சை உருண்டை வாசனையோடு டி.சி.கள் தொட்டிக்கரைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் முக்கால்வாசியைத் தன் கையால் எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எபனேசர் சார் என்பதால், அவருக்கே ஒரு மேசையும் நாற்காலியும் குடையும் போட்டுக் கொடுத்தார்கள். சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு வாசித்தார். அடையாளம் பொருந்தியதும் டெய்லர் டேப்பால் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். தொட்டி பாத்தி பாத்தியாகப் பிரிந்தது.

அதன்பிறகு ஊர் பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை பட்டுராசன் தொட்டியை வற்றவிடுவான். கால் கழுவிவிட்டு வரவேண்டும், பலகையின் மேல்தான் நடக்கவேண்டும், எண்ணெய் தடவக்கூடாது, தண்ணீரில் கலந்துவிடும், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம் என்று வடிவு சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். சிலர் வெயில் பட்டுக் கறுத்துவிடும் என்று குடை விரித்துவைத்தார்கள். கல்யாணப் பத்திரிகையை முதலில் பாத்தியில் காட்டிவிட்டுத்தான் குலசாமிக்கு வைத்தார்கள். புருஷனோடு முப்பது வருஷம் பேசாமல் இருந்த ஒருத்தி, அவனுடைய தோள்பட்டைத் தழும்பின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மணி நேரம் திட்டிவிட்டு, மனசாறி வீட்டுக்குப் போனாள். பதினொரு மணிக்குப் பட்டுராசன் விசில் ஊதுவான், தண்ணீர் ஏறும், எல்லாரும் இட்லி சாப்பிடப் போவார்கள்.

கீழத் தெருவுக்கு மட்டும் அவ்வளவாகப் பாத்தி கிடைக்கவில்லை. அந்தத் தெருவின் பழைய ஆட்கள் பள்ளிக்கூடம் போனதில்லை; போகாதவர்களுக்கு டி.சி. இல்லை, டி.சி. இல்லாதவர்களின் மச்சத்துக்கு மேசையில் பேச்சில்லை. வடிவின் வீடு கீழத் தெருவில்தான். ஆனால் அவளிடம் ஒரு டி.சி. இருந்தது.

அது அவள் மகள் கோமதியுடையது. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி வெள்ளத்தில் இரண்டு தொட்டிகளிலும் சேறு ஏறி, பதினொரு நாள் ஊர் கால்வாய்த் தண்ணீரைக் குடித்தபோது, கண்ணெல்லாம் மஞ்சளாகி, பதினைந்து வயதில் போய்ச் சேர்ந்தாள். ஊர்த் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிறவள் வீட்டில் அப்படி நடந்ததைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை, அவளும் யாரிடமும் பேசியதில்லை.

எபனேசர் சார் அந்த டி.சி.யை வாசித்தார். "வலது காறையெலும்பின் கீழ் ஒரு மச்சம். இடது கணுக்காலில் ஒரு தழும்பு." பலகையில் நடந்துபோய்த் தேடினார்கள். தண்ணீர் வந்து விழுகிற வாயின் அருகே, காறையெலும்பு மேடும், அதன் கீழே உளுந்து அளவில் ஒரு மச்சமும் இருந்தது. "வடிவுக்கு ஆளு கெடச்சிட்டு!" என்று யாரோ கத்தினார்கள். ஊருக்கே சந்தோஷம், சிலர் கைதட்டினார்கள்.

வடிவு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். அது தன் பிள்ளையாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் பதினைந்து வருஷம் குளிப்பாட்டி, தலை துவட்டி, காய்ச்சலில் துடைத்துவிட்ட உடம்பு அவளுக்குத் தெரியாதா?

"சார், எம்பிள்ள உடம்புல ஒரு கடுகளவு மச்சம் கெடையாது. தழும்பும் கெடையாது. நீங்க எதப் பாத்து எழுதுனிய?"

எபனேசர் சார் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷன், பொய் சொல்ல வராது. "அன்னைக்கு அறுபது பிள்ளைய வரிசையில நின்னுது தாயி. ஒனக்கு என்ன அடையாளம்னு கேட்டா, ஒண்ணும் இல்ல சார்ங்கா. காலியா விட்டா மேல இருந்து திருப்பி அனுப்பிருவாவ. அதுக்கு முன்னால நின்ன பையன் அடையாளத்தையே இவளுக்கும் எழுதிட்டேன்."

முன்னால் நின்ற பையன் வேலம்மாளின் மகன். குயவர் தெருவில் வேலம்மாள் டி.சி.யைத் தொலைத்துவிட்டுப் பத்து நாளாகச் சாப்பிடாமல் இருந்தாள். பாத்தி அவளுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் வால்வுச் சக்கரத்தை அவள் திருகி மூடிய வேகத்தில் பட்டுராசன் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தான். அவளுக்கு வேலம்மாள் மேல் பொறாமை, சார் மேல் ஆத்திரம், எந்த அடையாளமும் வைத்துக்கொள்ளாமல் போன பிள்ளை மேலும் ஆத்திரம்.

இதற்கிடையில் சுற்றறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. பேரூராட்சிச் செயல் அலுவலர் கிருபாகரன் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர்; தொட்டியில் தோல் முளைத்ததற்கு அவர் பயப்படவில்லை, தபாலுக்குத்தான் பயப்பட்டார். முதல் சுற்றறிக்கை, குடிநீரில் கலங்கல் இனிமேல் இவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்று அளவைக் குறைத்தது. தோல் வழியாக இறங்கிய தண்ணீரைச் சோதித்தார்கள். கலங்கலும் இல்லை, கிருமியும் இல்லை, மாவட்டத்திலேயே நல்ல தண்ணீர் என்று பதில் வந்தது. இரண்டாவது சுற்றறிக்கை, மனித உடலின் எந்தப் பகுதியும் குடிநீரைத் தொடக்கூடாது என்றது. அது மனிதத் தோலா, ஏடா என்று இப்போது எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். மாதிரி வெட்டியெடுக்க எந்தப் பாத்திக்காரரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் தென்கிழக்கு மூலையில், புங்கமரத்தின் கீழே, ஒரு பாய் அகலத்துக்கு மச்சமோ தழும்போ எதுவும் இல்லாமல், எந்த டி.சி.யிலும் சேராமல் கிடந்த இடத்திலிருந்து நகத்தளவு எடுத்தார்கள். அந்த இடத்துக்கு ஊர் வைத்திருந்த பெயர் புறம்போக்கு. வெட்டிக் கொடுத்தது வடிவுதான். ஆய்வகம் 'மணலும் உயிர்ப்பொருளும். இயல்பானது' என்று எழுதி அனுப்பியது. கிருபாகரன் நிம்மதியாக மூச்சுவிட்டு, அதைக் கோப்பில் கோத்தார்.

ஆனால் ஐம்பது நாள் எழுபதாகி, எழுபது தொண்ணூறாகியும் யாரும் சுரண்டவிடவில்லை. தோல் தடித்தது. தண்ணீர் இறங்குவது மணிக்கு ஒரு சாணிலிருந்து நாலு விரலாயிற்று, பிறகு ஒரு விரலாயிற்று. முதல் தொட்டித் தண்ணீர் மேலத் தெருக்களோடு முடிந்துவிடும். கீழத் தெருக் குழாயில் முதலில் நூல் மாதிரி வந்தது, பிறகு காற்று மட்டும் வந்தது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனார்கள்.

மூன்றாவது சுற்றறிக்கை அப்போதுதான் வந்தது: ஓட்டம் குறைந்த மணல் தொட்டிகளைப் பதினைந்து நாளுக்குள் மேற்பரப்பு முழுவதும் சுரண்டிச் சான்று அனுப்பவேண்டும், இல்லையென்றால் தொட்டியை நிரந்தரமாக மூடி, ஊருக்கு லாரியில் தண்ணீர் விடப்படும். கிருபாகரன் தொட்டிக்கரையில் கூட்டம் போட்டு அதை வாசித்தார்.

"தோல உரிக்கச் சொல்லுதியளா?" என்று கேட்டாள் மீரான்பீவி. "எம்மவன் உசிரோட இருக்கான் சாரே!"

"பாருங்கம்மா, நான் சொல்லலை, மேலிடம் சொல்லுது."

"அப்பம் மேலிடத்த வந்து உரிக்கச் சொல்லுங்க."

லாரித் தண்ணீரே வரட்டும் என்றார்கள் பலர். கீழத் தெருவுக்குள் லாரி நுழையாது, அவ்வளவு குறுகலான முடுக்கு என்று வடிவு சொன்னாள். சுரண்டினால் மூன்று நாளில் எல்லாம் சரியாகும் என்றாள். அதற்கு வேலம்மாள் சொன்னதுதான் ஊர் முழுக்க மனசில் இருந்தது. "ஒனக்குச் சொல்லுதுக்கு என்ன வடிவு? தொட்டியில ஒனக்கு ஆளு இல்ல. இருந்தா தெரியும்."

அடுத்த நாள், மரத்தடி மூலையில் உதிர்ந்திருந்த புங்க இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு சின்ன இலை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அந்த மூலை மணல் கொஞ்சம் மேடு. தண்ணீர் ஒரு முழம் இறங்கினாலே வெளியே தெரியும். நகம் பட்டால் கீறிவிடுமே என்று வடிவு குனிந்து அதை வாயால் ஊதினாள். தோல் வெடுக்கென்று சுருங்கியது. அவள் கையை எடுத்துவிட்டு மறுபடி ஊதினாள். மறுபடியும் சுருங்கி, மயிர்க்கூச்செறிந்து, குலுங்கி, மெல்ல விரிந்தது.

கோமதிக்குப் பிடரியில் ஊதினால் தாங்காது. சடை பின்னும்போது வேண்டுமென்றே வடிவு ஊதுவாள்; பிள்ளை தோளைத் தூக்கிக் கழுத்தை இறுக்கிக்கொண்டு, "எம்மா, வேண்டாம்மா!" என்று சிரித்துச் சிரித்து, பின்னல் அவிழ்ந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். அந்தச் சுருங்கலை வடிவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நகத்தளவு வெட்டியெடுத்த இடத்தைத் தேடித் தடவிப் பார்த்தாள். தழும்பே இல்லாமல் ஆறியிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து, புடவை நனைவது தெரியாமல் அழுதாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு நாள், தினமும் காலையில் தண்ணீரை ஒரு முழம் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் அந்த மூலையில் உட்கார்ந்து, ஊதுவதும் பேசுவதுமாக இருந்தாள். அந்த ஒரு மணி நேரத் தண்ணீர் ஓடைக்குப் போயிற்று. இருக்கிற கொஞ்சத்தில் அது குறைந்தால் கீழத் தெருவுக்கு என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை. தெரிந்தேதான் செய்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள், வேலைக்குக் கிளம்பும்போது, எதிர்வீட்டு அன்னபாக்கியத்தின் மகள் சுபா கால்வாயிலிருந்து குடத்தோடு வந்தவள், வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாந்தியெடுத்தாள். வடிவு ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்த பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை இருக்கவேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

"எத்தன நாளா?"

"மூணு நாளா அத்த. பசிக்கவே மாட்டேங்கு."

அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வடிவு தொட்டிக்குப் போனாள். அன்று தண்ணீரை இறக்கவில்லை, மறுநாளும் இறக்கவில்லை. மூலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்வெட்டியின் விளிம்பைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பதினாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கத் தொட்டிக்குள் இருந்தது, குடைகள் விரிந்திருந்தன, கிருபாகரன் கோப்போடு கரையில் நின்று, கெஞ்சுவதா மிரட்டுவதா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வடிவு பூட்ஸைக் கழற்றிவிட்டு, மண்வெட்டியோடு பலகையில் நடந்து மரத்தடி மூலைக்குப் போனாள். சிலர் எழுந்து தங்கள் பாத்தியின் முன்னால் கையை விரித்து நின்றார்கள். அவள் போகிற திசையைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டார்கள்.

"பொறம்போக்கத்தான எடுக்கா," என்றாள் வேலம்மாள். "எடுத்துட்டுப் போட்டும்."

"பொறம்போக்கு இல்ல," என்றாள் வடிவு. "இது என் கோமதி."

மேசையிலிருந்த எபனேசர் சார் தயங்கித் தயங்கி எழுந்தார். "டி.சி.யில மச்சம்னுல்லா தாயி இருக்கு..."

"டி.சி. நீங்க எழுதுனது சார். இது நான் பெத்தது."

அவள் மண்டிபோட்டுக் குனிந்து ஊதினாள். பாய் அகலத் தோல் முழுக்கச் சுருங்கி, கூசி, குலுங்கியதைத் தொட்டிக்குள் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சத்தம் எதுவும் வரவில்லை, ஆனால் அது சிரிப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் இன்னொரு தடவை ஊதினாள். அப்புறம் எழுந்து, மண்வெட்டியின் விளிம்பை ஓரத்தில் வைத்து, ஒரு விரற்கடை ஆழத்துக்கு அழுத்தி, பத்தொன்பது வருஷமாகத் தள்ளுகிற மாதிரியே முன்னால் தள்ளினாள்.

ஏடு உரிகிற மாதிரி உரிந்தது. ரத்தம் வரவில்லை, அடியில் ஈர மணல்தான் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இடையில் நிற்காமல், மூலையிலிருந்து கோடு வரைக்கும் எடுத்து முடித்தாள். நாலு சட்டி வந்தது. பட்டுராசன் தூக்க வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நாலையும் அவளே இடுப்பில் வைத்துச் சுமந்து மணல் கழுவுகிற மேடைக்குக் கொண்டுபோனாள். கடைசிச் சட்டியை இறக்கிவிட்டுத் திரும்பியபோது ஊர் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"ஏ வடிவு," என்று வேலம்மாள் கூப்பிட்டாள். "வலிக்குமா?"

"அதுக்கு வலிக்கல."

வேலம்மாள் தன் பாத்தியில் உளுந்து மச்சத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கையை எடுத்தாள். "மம்பட்டியக் கொண்டா. என் பையன நாந்தான் எடுப்பேன். வேற ஆளு தொடப்பிடாது."

பேரூராட்சியில் மண்வெட்டி மொத்தம் ஆறு. மற்றவர்கள் வீட்டுக்குப் போய் தோசைக் கரண்டியும் களைக்கொத்தும் குப்பை அள்ளுகிற தகரமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சங்கரபாண்டியின் பெண்டாட்டி பதினொரு தையலையும் ஒருமுறை தடவிவிட்டு எடுத்தாள். மீரான்பீவி ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, அவன் நல்லாயிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கியபடி சுரண்டினாள். முப்பது வருஷம் பேசாதவள் மட்டும் இன்னும் ரெண்டு வார்த்தை பாக்கியிருக்கிறது என்று கடைசியாக எடுத்தாள். டி.சி. இல்லாத மச்சங்களைக் கீழத் தெருப் பெண்கள், யாரும் எதுவும் கேட்காமலே, இறங்கி வந்து எடுத்துப் போனார்கள். வெயில் சாய்வதற்குள் தொட்டி வெறும் மணலாகக் கிடந்தது. கிருபாகரன் சான்றிதழ்ப் படிவத்தில் 'மேற்பரப்பு முழுவதும் சுரண்டப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார்.

மறுநாளே தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன, தெருவெல்லாம் காத்திருக்கிறதே என்று கேட்டார். வடிவு வால்வுச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் ஓடைக்குத்தான் என்றாள். வேண்டுமானால் எழுத்தில் கொடுங்கள், மாட்டேன் என்று நானும் எழுத்தில் தருகிறேன் என்றாள். அவர் எழுத்தில் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் காலை தண்ணீருக்கடியில் எட்டிப் பார்த்தவர்களுக்குப் பழுப்பும் பச்சையுமாகப் புது ஏடு தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. அடிக்குழாய் வாயில் பட்டுராசன் எவர்சில்வர் தம்ளரோடு நின்றான். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வழக்கம் ஒன்று அந்தத் தொட்டிக்கு உண்டு: ஊருக்குத் திறப்பதற்கு முன்னால், முதல் மண்வெட்டி போட்டவர் முதல் தம்ளரைக் குடிக்கவேண்டும். இத்தனை வருஷமும் அவள் அதை நின்ற வாக்கில் மடக்கென்று குடித்துவிட்டுப் போனவள்தான். இன்றைக்கு இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் ஒவ்வொரு மடக்காக, வாயில் வைத்திருந்து, இறக்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"எப்பிடி இருக்கு தாயி?" என்று கேட்டான் பட்டுராசன்.

வடிவு தம்ளரைக் கவிழ்த்து உதறினாள்.

"தண்ணியாத்தான் இருக்கு," என்றாள். "கீழத் தெருவுக்கு மொதல்ல தொறங்க அண்ணே."